உங்களுக்குத் தெரியுமா? அழிக்கும் முன் படியுங்கள்!

வாஷிங் மெஷின், மின்சார மீட்டர், ஸ்கூட்டரின் டாஷ்போர்டு, வீட்டு இன்வெர்ட்டர் என்று எங்கு பார்த்தாலும் ஒரு குட்டி மைக்ரோகண்ட்ரோலர் சிப் உட்கார்ந்திருக்கிறது. அதை இயக்கும் புரோகிராம் அந்தச் சிப்பின் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. கருவி படுத்துவிட்டால், "ஃபிளாஷ் கரப்ட் ஆயிடுச்சு, சிப்பை மாத்தணும்" என்ற தீர்ப்பு சீக்கிரமே வந்துவிடும். பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு. ஃபிளாஷ் செல்கள் தாமாகச் சாவது அரிது. மின்சாரம், கிளாக், வயர், பூட்டு, புரோகிராமில் விட்ட ஒரு வரி என்று சுற்றியிருப்பவைதான் அதிகம் சிக்கல் தருகின்றன. இதைவிட மனதை உறுத்துவது ஒன்று உண்டு. காரணம் தெரிவதற்கு முன்பே யாரோ ஒருவர் 'இரேஸ்' கொடுத்துவிடுகிறார். சிப்புக்குள் இருந்த ஒரே தடயமும் அதோடு போய்விடுகிறது.

கோளாறு தேடப் போய்க் கிடைத்த நினைவகம்

நாலாபுறமும் ஆக்ஸைடு சூழ, எதனோடும் இணைக்காமல் ஒரு கேட்டை டிரான்சிஸ்டருக்குள் புதைத்து, அதில் மின்னூட்டத்தைச் சிறைப்பிடிக்கலாம் என்று 1967ல் பெல் ஆய்வகத்தின் டாவோன் காங், சைமன் ஸீ இருவரும் எழுதினார்கள். அந்த ஃப்ளோட்டிங் கேட்தான் இன்றைய ஃபிளாஷின் அடிப்படை. ஆனால் அதைச் சந்தைக்கு வரும் பொருளாக்கியது ஒரு பழுதுபார்க்கும் வேலை. இன்டெல் நிறுவனத்தில் 1101 என்ற நினைவகச் சிப்பில் விளங்காத கோளாறு ஒன்று வந்துகொண்டே இருந்தது. அதை ஆராயும் பொறுப்பு டோவ் ஃப்ரோமனிடம் வந்தது. சில டிரான்சிஸ்டர்களில் கேட்டின் இணைப்பு அறுந்து, அது அந்தரத்தில் நிற்பதைக் கண்டார். அறுந்த கேட்டில் மின்னூட்டம் தங்கிவிட்டால் அதையே நினைவாகப் பயன்படுத்தலாமே என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. 1971ல் 1702 என்ற ஈப்ராம் வெளிவந்தது. கொள்ளளவு 2048 பிட். மேலே இருந்த குவார்ட்ஸ் சன்னல் வழியாகப் புறஊதா ஒளி காட்டினால் எழுதியது அழியும்.

மின்சாரத்தாலேயே மொத்தமாக அழிக்கும் முறையை டோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984ல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அறிவித்தார். 1993ல் ஆட்மெல் நிறுவனம் 8051 வகை மைக்ரோகண்ட்ரோலரின் உள்ளேயே ஃபிளாஷை வைத்து விற்கத் தொடங்கியது. ஒரு கோளாறை முழுதாகப் புரிந்துகொள்ளாமல் ஃப்ரோமன் அந்தச் சிப்பைக் குப்பையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

காலி என்றால் பூஜ்யம் அல்ல

பெரும்பாலான சிப்களில் அழித்த ஃபிளாஷைப் படித்தால் எல்லாப் பைட்டும் பதினாறடிமான எண்ணில் எஃப்எஃப் என்று வரும், அதாவது எல்லாப் பிட்டும் 1. எழுதுவது என்றால் 1ஐ 0 ஆக்குவது மட்டுமே. ஒரு 0 மறுபடி 1 ஆக வேண்டுமானால் அது இருக்கும் 'பக்கம்' என்ற தொகுதியையே முழுதாக அழிக்க வேண்டும். தனியாக ஒரு பைட்டை அழிக்க வழியில்லை.

இது தெரிந்தால், ஃபிளாஷில் உள்ளதை அப்படியே படித்தெடுத்த நகலான டம்ப் நிறையப் பேசும். எல்லாமே எஃப்எஃப் என்றால் பெரும்பாலும் ஒன்று சிப் அழிக்கப்பட்டிருக்கிறது, அல்லது எழுதவே இல்லை. எல்லாமே 00 என்றால் முதலில் வயரையும் பூட்டையும் சந்தேகியுங்கள். ஒரு சிப்பின் அத்தனை செல்லும் ஒரே சமயத்தில் 0க்குப் போவது பெரும்பாலும் நடக்காத காரியம். இன்னொரு தடயம் இன்னும் அழகானது. பதினாறடிமானத்தில் ஏற்கெனவே 33 இருந்த இடத்தில் அழிக்காமல் 55 எழுதினால் 11 என்று வரும். இரண்டு மதிப்பிலும் 1ஆக இருந்த பிட்கள் மட்டுமே மிஞ்சும். பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் 'AND' கணக்குப் போட்டுப் பாருங்கள். விடை டம்ப்பில் உள்ளதோடு பொருந்தினால் செல்லில் பழுது இல்லை. அழிக்கும் கட்டளை விடுபட்டிருக்கிறது.

எஸ்டிஎம்32எஃப்103 போன்ற சிப்கள் இந்தத் தப்பைச் செய்யவே விடாது. அழிக்காத இடத்தில் எழுதப் போனால் மறுத்துவிட்டு, நிலைப் பதிவேட்டில் ஒரு பிழைக் கொடியை ஏற்றிவைக்கும். அந்தக் கொடியை எட்டிப் பார்க்காமலேயே அடுத்த வரிக்குப் போகும் புரோகிராம்கள்தான் ஏராளம்.

முதல் எட்டு பைட் சொல்லும் ஜாதகம்

ஆர்ம் கார்டெக்ஸ்-எம் வகைச் சிப்பில் ஃபிளாஷின் முதல் 4 பைட் ஸ்டேக்கின் தொடக்க முகவரி. அடுத்த 4 பைட், ரீசெட் ஆனதும் ஓட வேண்டிய இடத்தின் முகவரி. எஸ்டிஎம்32எஃப்103சி8ல் 20 கேபி ரேம் இருக்கிறது. எனவே அதன் டம்ப் பெரும்பாலும் 00 50 00 20 என்று தொடங்கும். தலைகீழாகப் படித்தால் 20005000, அதாவது ரேமின் உச்சி. அடுத்த நான்கில் கடைசி இரண்டு 00 08 என்று இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபிளாஷ் 08000000ல் தொடங்குகிறது. அந்த முகவரி ஒற்றைப்படை எண்ணாகவும் இருக்க வேண்டும். இரட்டைப்படையாக இருந்தால் சிப் முதல் அடியிலேயே தடுக்கி ஹார்டு ஃபால்ட்டில் விழும்.

இந்த எட்டும் சரியாக இருந்து கருவி ஓடவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. புரோகிராமைத் தவறான முகவரியில் எழுதியிருந்தாலும் இங்கேயே பிடிபடும். பூட்லோடருக்கு இடம்விட்டுத் தொகுத்த ஃபைலை முதல் முகவரியில் கொண்டுபோய் எழுதுவது அன்றாடம் நடக்கும் தப்பு.

மூன்று டம்ப்

சந்தேகத்துக்குரிய சிப்பைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, எழுதுவது அல்ல. மூன்று முறை படித்து மூன்று ஃபைலாகச் சேமியுங்கள். மூன்றும் ஒன்றாகவே இருந்து, மூல ஃபைலிலிருந்து மட்டும் மாறுபட்டால், சிப்பில் உண்மையிலேயே வேறு ஏதோ பதிந்திருக்கிறது. எந்த முகவரியில் மாறுகிறது, 1 போய் 0 வந்ததா, 0 போய் 1 வந்ததா என்று அடுத்துப் பார்க்கலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று மாறுபட்டால், முதல் சந்தேகம் புரோகிராமரின் வயர் மீதும் மின்சாரத்தின் மீதும் விழ வேண்டும். வயரைச் சிறிதாக்கி, கிளாக்கைக் குறைத்து, மறுபடி படியுங்கள். அப்போதும் அதே ஒன்றிரண்டு பிட் மட்டும் ஆடிக்கொண்டிருந்தால், அது இரண்டும்கெட்டான் செல். அதன் மின்னூட்டம் 0க்கும் 1க்கும் நடுவில் நிற்கிறது.

அப்படிப்பட்ட செல், சப்ளை வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலோ போர்டு சூடானாலோ வேறு விடை சொல்லும். காலையில் ஓடி மதியம் நிற்கும் கருவிகளில் இதையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எம்எஸ்பி430 சிப்களின் 5 வரிசையில் இதற்கென்றே 'மார்ஜினல் ரீட்' என்ற வசதி தந்திருக்கிறார்கள். வழக்கத்தைவிடக் கறாரான அளவுகோலில் படித்து, நாளை விழப்போகும் பிட்டை இன்றே காட்டிக்கொடுக்கும். இந்த வசதி எல்லாச் சிப்பிலும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

செத்ததாக ஒதுக்கிய சிப் உயிரோடுதான் இருக்கிறது

ஆர்டுயினோ யூனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பைத் தொட்டதும் அது சொல்ல வேண்டிய அடையாளம் 1ஈ 95 0எஃப். அதற்குப் பதிலாக 1ஈ 95 14 என்று வந்தால் அது 'பி' இல்லாத ஏடிமெகா328. சிப் நலமாகத்தான் இருக்கிறது. புரோகிராமர் மென்பொருளில் தேர்ந்தெடுத்த பெயரை மாற்றினால் போதும்.

மூன்றுமே 00 என்றோ எஃப்எஃப் என்றோ வந்தால் சிப் பேசவே இல்லை என்று அர்த்தம். பலரும் இங்கேதான் சிப்பைக் கழற்றி எறிகிறார்கள். ஆலையிலிருந்து வரும் புதுச் சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். புரோகிராமரின் கிளாக், சிப்பின் கிளாக்கில் கால் பங்குக்கும் குறைவாக, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். வேகமாகக் கேட்டால் பதில் வராது. இன்னொரு காரணம், ஃப்யூஸ் எனப்படும் அமைப்புப் பிட்களில் வெளிக் கிறிஸ்டல் என்று தேர்ந்தெடுத்துவிட்டு, போர்டில் கிறிஸ்டலே வைக்காமல் விடுவது. கிறிஸ்டல் இணைய வேண்டிய காலில் வெளியிலிருந்து ஒரு கிளாக் சிக்னலைக் கொடுங்கள். சிப் உடனே பதில் சொல்லும். ஃப்யூஸைத் திருத்தியதும் பழையபடி வேலை செய்யும்.

சொட்டுச் சொட்டாகக் குறையும் மின்சாரம்

மின்சாரம் பட்டென்று நின்றால் சிப்புக்கு ஆபத்து குறைவு. மெல்ல மெல்லக் குறைந்தால்தான் ஆபத்து. பேட்டரி இறங்கும்போது ஒரு கட்டத்தில் கட்டளைகளைச் சரியாகப் படிக்கும் திறன் போய்விடும், ஆனால் ஓடும் திறன் மிச்சம் இருக்கும். அந்த நிலையில் சிப் தவறான கட்டளையைச் செய்து, எழுதக் கூடாத இடத்தில் எழுதக்கூடும். ஏடிமெகா328பியின் தரவுத்தாளே இந்த எச்சரிக்கையைத் தருகிறது. 16 மெகாஹெர்ட்ஸில் ஓட அதற்கு ஏறத்தாழ 3.8 வோல்ட் வேண்டும்.

பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. பெயர் பிரவுன்-அவுட் டிடெக்டர். 1.8, 2.7, 4.3 வோல்ட் என மூன்று நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கீழே போனால் சிப்பை ரீசெட்டில் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஆலையிலிருந்து வரும்போது இது அணைத்தே வருகிறது. தனியாகச் சிப் வாங்கிப் போர்டு செய்பவர்கள் இந்த ஒரு ஃப்யூஸை மறந்ததால் வந்த 'ஃபிளாஷ் கோளாறு'களுக்குக் கணக்கில்லை.

ஓடுகிற வேகத்துக்குப் படிக்க முடியுமா?

எஸ்டிஎம்32எஃப்103ன் மையச் செயலி 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதன் ஃபிளாஷால் அந்த வேகத்துக்குத் தாமதமின்றித் தர முடியாது. எனவே 24 மெகாஹெர்ட்ஸ் வரை காத்திருப்பு வேண்டாம், 48 வரை ஒரு கிளாக் காத்திருக்க வேண்டும், 72 வரை இரண்டு. கிளாக்கை ஏற்றும் வரிக்கு முன்பே இந்தக் காத்திருப்பை அமைத்துவிட வேண்டும். வரிசை மாறினால் செயலி அரைகுறையாகப் படித்துத் தாறுமாறாக ஓடும். டம்ப் எடுத்தால் எல்லாப் பைட்டும் சரியாக இருக்கும். பதிந்ததில் பிழையே இல்லாமல் படிப்பதில் மட்டும் பிழை என்பதால், இந்தக் கோளாறு தேடுபவரை நாள்கணக்கில் அலைக்கழிக்கும்.

ஒரு கால், ஒரு புல்-அப், ஒரு செத்த போர்டு

ஈஎஸ்பி32 சிப்பின் புரோகிராம் வெளியே, தனி எஸ்பிஐ ஃபிளாஷ் சிப்பில் இருப்பது வழக்கம். அந்த ஃபிளாஷுக்கு 3.3 வோல்ட் தருவதா, 1.8 வோல்ட் தருவதா என்பதை, சிப் விழிக்கும் நொடியில் ஜிபிஐஓ12 என்ற கால் இருக்கும் நிலையை வைத்து அது முடிவுசெய்கிறது. அந்தக் கால் மேலே இழுக்கப்பட்டிருந்தால் 1.8 வோல்ட். 3.3 வோல்ட் கேட்கும் ஃபிளாஷுக்கு அது போதாது. திரையில் "ஃபிளாஷ் ரீட் எர்ர், 1000" என்ற செய்தி திரும்பத் திரும்ப ஓடும்.

மெமரி கார்டு மாட்டியதும் போர்டு எழவில்லை என்று வருபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் விஷயம். கார்டின் புல்-அப் ரெசிஸ்டர் அந்தக் காலில் உட்கார்ந்திருக்கும். கார்டை உருவிவிட்டு ரீசெட் செய்து பாருங்கள். எழுந்துவிட்டால் காரணம் உறுதி. வோல்டேஜை 3.3 என்றே நிரந்தரமாகப் பதிக்க ஈஃப்யூஸ் வழியும் உண்டு. அதை ஒருமுறை எரித்தால் திரும்பப் பெற முடியாது, எனவே உங்கள் ஃபிளாஷ் எந்த வோல்டேஜ் வகை என்று உறுதியாகத் தெரிந்த பிறகே செய்யுங்கள்.

256ஐத் தாண்டினால் தொடக்கத்துக்கே திரும்பும்

வின்பாண்டின் டபிள்யூ25க்யூ32 போன்ற எஸ்பிஐ ஃபிளாஷில் ஒரு பக்கம் 256 பைட். பக்கத்தின் 250ஆவது இடத்தில் தொடங்கி 20 பைட் எழுதச் சொன்னால், ஓரத்தைத் தொட்டதும் மீதி அடுத்த பக்கத்துக்குப் போகாது. அதே பக்கத்தின் தலைக்குத் திரும்பி, அங்கிருந்ததன் மேல் விழும். பதிவின் வால் பகுதி பக்கத்தின் தலையில் தெரிந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

10,000 என்பது எத்தனை நாள்?

ஏடிமெகா328பி, எஸ்டிஎம்32எஃப்103 இரண்டின் ஃபிளாஷும் 10,000 முறை எழுதி அழிக்கத் தாங்கும் என்று தரவுத்தாள் உறுதி தருகிறது. ஒவ்வொரு முறையும் எலக்ட்ரான்கள் சுமார் 10 நானோமீட்டர் ஆக்ஸைடைத் துளைத்துப் போய் வருகின்றன. போகிற வழியில் சில அங்கேயே சிக்கி நின்றுவிடும். ஆக்ஸைடு மெல்ல மெல்லக் களைத்துப்போகும்.

கேட்கும்போது பெரிய எண்தான். ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே பக்கத்தை அழித்து எழுதும் புரோகிராம் இதை ஏழு நாள் முடியும் முன்பே தாண்டிவிடும். நொடிக்கு ஒருமுறை எழுதினால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. 1 லட்சம் முறை தாங்கும் ஈஈப்ராமும் நொடிக்கு ஒருமுறை என்றால் 28 மணி நேரத்துக்குள் அந்த எல்லையைத் தொட்டுவிடும். எல்லையைத் தொட்டதும் செல் செத்துவிடாது, உத்தரவாதம்தான் முடிகிறது. தேய்மானத்துக்கு நல்ல அடையாளம் ஒன்று உண்டு. அழிக்க எடுக்கும் நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். புரோகிராமில் அந்த நேரத்தை அளந்து குறித்துவைப்பது நல்ல பழக்கம்.

தீர்வு மளிகைக் கடைக் கணக்கு நோட்டில் இருக்கிறது. கடைக்காரர் பழைய பாக்கியை ரப்பர் வைத்து அழித்து அதே வரியில் புதுப் பாக்கியை எழுதுவதில்லை. அடுத்த வரியில் எழுதுவார், பக்கம் தீர்ந்தால்தான் புரட்டுவார். எஸ்டிஎம்32எஃப்103சி8ல் ஒரு பக்கம் 1 கேபி. 4 பைட் பதிவுகளை வரிசையாக எழுதினால் 256 பதிவுக்கு ஒருமுறைதான் அழிக்க வேண்டும். 10,000 என்பது 25 லட்சத்து 60 ஆயிரமாகிவிடும். நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் ஏறத்தாழ 5 ஆண்டுகள்.

கார் திரையும் தேய்ந்தது

இதைக் கவனிக்காமல் விட்டது சிறு போர்டு செய்பவர்கள் மட்டுமல்ல. டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக் கணினியில் 8 ஜிபி ஃபிளாஷ் இருந்தது. அதன் செல்கள் சுமார் 3,000 சுற்று தாங்குபவை. ஓயாத பதிவுகளால் அது சில ஆண்டுகளிலேயே தீர்ந்தது. திரை அணைந்தால் பின்பக்கக் கேமராவும் போயிற்று. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு தலையிட்டு, 2021 பிப்ரவரியில் ஏறத்தாழ 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

எத்தனை ஆண்டு நினைவிருக்கும்?

ஃபிளாஷ் எழுதியதை என்றென்றும் வைத்திருக்காது. ஏடிமெகா328பி 85 டிகிரியில் 20 ஆண்டு, 25 டிகிரியில் 100 ஆண்டு வைத்திருக்கும். எஸ்டிஎம்32எஃப்103 ஆயிரம் முறை எழுதிய பின்னும் 85 டிகிரியில் 30 ஆண்டு தாங்கும். ஆனால் 10,000 முறை எழுதிய பின் 55 டிகிரியில்தான் 20 ஆண்டு உறுதி. தேய்ந்த செல்லில் மின்னூட்டம் சீக்கிரம் கசியும், சூடு கசிவை வேகப்படுத்தும். அடுப்புக்கும் எஞ்சினுக்கும் அருகே இருக்கும் பழைய போர்டில் ஓரிரு பிட் விழுந்திருந்தால், அதே புரோகிராமை அழித்து மறுபடி எழுதினாலே பல ஆண்டுகள் ஓடும். ஆனால் அந்தப் புரோகிராமின் பிரதி கையில் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே டம்ப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

வாட்ச்டாக் கடித்த கதை

எஸ்டிஎம்32எஃப்4ல் 128 கேபி செக்டர் ஒன்றை அழிக்க ஒரு நொடிக்கு மேலும் ஆகலாம். புரோகிராமும் அதே ஃபிளாஷிலிருந்து ஓடினால் செயலி அந்த நேரம் முழுதும் உறைந்து நிற்கும். புரோகிராம் உறைந்தால் ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரோ அரை நொடிக்கு அமைக்கப்பட்டிருக்கும். அழித்தல் பாதியில் இருக்கும்போது ரீசெட் விழும். மறுபடி எழுந்து, மறுபடி அழிக்கத் தொடங்கி, மறுபடி ரீசெட். வெளியே பார்ப்பவருக்கு ஃபிளாஷ் கெட்டதாகவே தோன்றும்.

பாதி அழிந்த பக்கம் மோசமானது. இப்போது எஃப்எஃப் என்று படிக்கும், சிறிது நேரம் கழித்து வேறு சொல்லும். "காலிதானே" என்று நம்பி எழுதாதீர்கள், ஒருமுறை முழுதாக அழித்துவிட்டு எழுதுங்கள்.

ஒரு தப்பான பக்கம் அழிந்தால் கிளாக்கே போகும்

எம்எஸ்பி430எஃப்2 வரிசையில் 'இன்ஃபோ ஏ' என்ற சிறு பகுதியில், சிப்பின் உள் கிளாக்கைச் சரிசெய்யும் எண்களை ஆலையிலேயே எழுதி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு சிப்புக்கும் தனி எண். அதை அழித்துவிட்டால் மாதிரி ஃபைலிலிருந்து நகலெடுக்க முடியாது. அந்த நிறுவனத்தின் எடுத்துக்காட்டுப் புரோகிராம்கள் பலவும் தொடங்கியதும் அந்த இடம் எஃப்எஃப் ஆகிவிட்டதா என்று பார்க்கின்றன. ஆகியிருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

படிக்க விடாத பூட்டு

எஸ்டிஎம்32எஃப்4ல் படிப்புத் தடை மூன்று நிலை. 0 என்றால் திறந்த வீடு. 1 என்றால் வெளியிலிருந்து படிக்க முடியாது. பூட்டைத் திறக்கலாம், ஆனால் திறக்கும்போதே ஃபிளாஷ் முழுதும் அழியும். 2 என்றால் நிரந்தரம், பிறகு யாராலும் மாற்ற முடியாது. "இணைக்க முடியவில்லை, தடையை நீக்கட்டுமா?" என்று மென்பொருள் கேட்கும்போது, ஆம் என்று சொன்னால் உள்ளே இருப்பது போய்விடும். வாடிக்கையாளரின் ஒரே பிரதி அதுவாகக்கூட இருக்கலாம்.

பூட்டு என்று நினைப்பது சில வேளை பூட்டாகவே இருக்காது. பிஏ13, பிஏ14 என்ற இரு கால்கள் வழியாகத்தான் டீபக்கர் பேசுகிறது. ஓடும் புரோகிராம் அவற்றை வேறு வேலைக்கு மாற்றிவிட்டால் வழி அடைபடும். ரீசெட் காலை அழுத்திப் பிடித்த நிலையில் இணைத்தால், புரோகிராம் ஓடும் முன்பே உள்ளே நுழைந்துவிடலாம்.

புறஊதா ஒளியில் திறந்த பூட்டு

'பன்னி' என்று அறியப்படும் ஆண்ட்ரூ ஹுவாங், பிக்18எஃப்1320 சிப்பின் மேலுறையை நீக்கி, ஃபிளாஷ் பகுதியைச் சிறு டேப் துண்டால் மறைத்து, சாய்த்து வைத்துப் புறஊதா ஒளி காட்டினார். பாதுகாப்பு ஃப்யூஸ்களின் மேல் உலோகக் கவசம் இருந்தும், சாய்ந்து விழுந்த ஒளி உள்ளே சிதறி அவற்றை அழித்தது. புரோகிராம் அப்படியே இருந்தது. ஃப்ரோமனின் 1702ஐ அழித்த அதே இயற்பியல்.

பெயர் ஒன்று, சிப் வேறு

சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும் 'ப்ளூ பில்' போர்டில் எஸ்டிஎம்32எஃப்103சி8 இருக்கும் என்று எதிர்பார்ப்போம். பலவற்றில் சிஎஸ்32 போன்ற ஒத்த வகைச் சிப் இருக்கிறது. மேலே எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், டீபக்கரைக் கேளுங்கள். மூலச் சிப் 1பிஏ01477 என்று சொல்லும், சிஎஸ்32 2பிஏ01477 என்று சொல்லும். ஓபன்ஓசிடி என்ற டீபக்கர் மென்பொருள் அடையாளம் பொருந்தவில்லை என்று நிற்பது இதனால்தான். இதுவும் ஃபிளாஷ் பழுது அல்ல.

அதேபோல 64 கேபி என்று விற்கும் சிப்பில் 128 கேபி வரை எழுத முடிவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். மேல் பாதிக்குத் தயாரிப்பாளர் உறுதி தரவில்லை. சொந்தப் பரிசோதனைக்குப் பயன்படுத்தலாம், பிறருக்குக் கொடுக்கும் கருவியில் அதை நம்பக் கூடாது.

செவ்வாயில் நின்ற வண்டி

2004 ஜனவரி 21. செவ்வாயில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகாத ஸ்பிரிட் ஊர்தி ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. பசடேனாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு அரைகுறைச் சிக்னல்களே வந்தன. ஊர்தி ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது, இரவிலும் உறங்காமல் பேட்டரியைக் கரைத்தது. அறுபது முறைக்கு மேல் ரீசெட்.

பொறியாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ரீசெட் ஒவ்வொன்றும் ஃபிளாஷின் ஃபைல் அமைப்பைத் திறக்கும் கட்டத்தை ஒட்டியே நடந்தது. ஃபிளாஷைத் தொடாமல், அதன் வேலையை ரேமை வைத்துச் செய்து எழும்படி கட்டளை அனுப்பினார்கள். ஊர்தி அமைதியானது. பிறகு நிதானமாக ஆராய்ந்ததில் 256 எம்பி ஃபிளாஷின் செல்களில் குறையே இல்லை என்று தெரிந்தது. பயணக் காலத்திலிருந்து குவிந்த ஃபைல்கள் அளவுக்கு மீறிப் போயிருந்தன. அவற்றின் பட்டியலை ரேமில் ஏற்ற இடம் போதவில்லை. ஏற்ற முடியாமல் ரீசெட், எழுந்ததும் மறுபடி ஏற்ற முயற்சி. வேண்டாத ஃபைல்களை நீக்கினார்கள், தடயங்களைப் பத்திரப்படுத்தினார்கள், பிப்ரவரியில் ஃபிளாஷை ஃபார்மட் செய்தார்கள். 90 செவ்வாய் நாளுக்குத் திட்டமிட்ட ஊர்தி 2010 மார்ச் வரை பேசியது. எடுத்த எடுப்பில் ஃபார்மட் செய்யாமல் முதலில் தொடாமல் எழுப்பி, பிறகு படித்து, கடைசியில் அழித்த அந்த வரிசையை ஒவ்வொரு பழுதுபார்ப்பவரும் மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு டம்ப்

வாயேஜர் 1 விண்கலத்தின் கணினியில் இருப்பது ஃபிளாஷ் அல்ல. 1977ல் ஏவியபோது ஃபிளாஷே கிடையாது. ஆனால் தேடிய முறை நம்முடையதுதான். 2023 நவம்பரில் அது பொருளற்ற தரவை அனுப்பத் தொடங்கியது. 2024 மார்ச்சில் ஒரு தூண்டல் கட்டளை அனுப்பியபோது, திரும்பி வந்ததில் நினைவகத்தின் முழு டம்ப் இருப்பதை ஒரு பொறியாளர் கண்டுகொண்டார். கோளாறுக்கு முன் எடுத்த பழைய டம்ப்போடு ஒப்பிட்டார்கள். சுமார் 3 விழுக்காடு நினைவகம் கெட்டிருந்தது, ஒரே ஒரு சிப்பின் வேலை. அங்கிருந்த புரோகிராமை முழுதாக வைக்க வேறெங்கும் ஒரே இடம் கிடைக்கவில்லை. துண்டு துண்டாக்கிப் பல இடங்களில் வைத்து, முகவரிகளைத் திருத்தினார்கள். கட்டளை போய்ச் சேரவே 22.5 மணி நேரம். ஏப்ரல் 20ல் கலம் மீண்டும் பொருளோடு பேசியது. பழைய நல்ல டம்ப் ஒன்று கையில் இருந்ததால்தான் இத்தனையும் நடந்தது.

பிழையைத் தானே திருத்தும் சிப்

எஸ்டிஎம்32எல்4 வகையில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 சோதனைப் பிட் சேர்த்தே எழுதப்படுகிறது. ஒரு பிட் விழுந்தால் திருத்திவிட்டு, திருத்தியதையும் குறித்துவைக்கும். இரண்டு விழுந்தால் மறைக்க முடியாத குறுக்கீட்டை எழுப்பும். அந்தக் குறுக்கீட்டுக்கு வெறும் முடிவில்லாச் சுழலை எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எந்த முகவரியில் பிழை என்பது பதிவேட்டிலேயே கிடைக்கிறது. அதை ரேமில் எடுத்து வைத்துவிட்டு ரீசெட் செய்தால் காரணம் கையில் இருக்கும்.

ஃபிளாஷே இல்லாத சிப்

2021ல் வந்த ஆர்பி2040க்குள் ஃபிளாஷ் கிடையாது. வெளியே இருக்கும் ஃபிளாஷின் முதல் 256 பைட்டை எடுத்துச் சோதனைத்தொகையைச் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் கணினியில் பென்டிரைவ் போலத் தோன்றிப் புதுப் புரோகிராமுக்குக் காத்திருக்கும். ராஸ்பெர்ரி பை பிகோ போர்டு தானாக அப்படித் தோன்றினால், ஃபிளாஷ் காலியாக இருக்கலாம், அல்லது ஃபிளாஷ் சிப்பின் ஏதோ ஒரு காலில் சால்டர் விட்டிருக்கலாம். புதுப் புரோகிராமை ஏற்றிய பிறகும் அதே நிலைக்குத் திரும்பினால், சால்டரிங் அயர்னை எடுத்து அந்த எட்டுக் கால்களையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.